இடது லைட் மட்டும் மங்கல்: பழைய ஜீப் ஹெட்லைட் ஒயரிங்

ஜூன் 8, 2024 (கேள்வி)

"எம்எம்540 ஜீப், எக்ஸ்டிபி டீசல் இன்ஜின், அப்பா காலத்து வண்டி. ஊர் தேவிபட்டினம். இடது ஹெட்லைட் மட்டும் மஞ்சளாக மங்கி எரிகிறது, வலது பரவாயில்லை. பல்ப் மாற்றியாச்சு, ஹோல்டரும் புதுசு போட்டாச்சு, மாற்றமே இல்லை. ராமநாதபுரத்தில் ஒரு கடையில் காட்டினேன். மொத்த ஒயரிங்கையும் உருவிப் போட்டுவிட்டுப் புதுசு இழுக்கணும், 12,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். போடலாமா வேண்டாமா? இன்னொன்று, இதற்குச் சம்பந்தமா என்று தெரியவில்லை, டிம்மில் ஓட்டும்போதும் டேஷ்போர்டில் பிரைட் போட்டால் எரிகிற அந்த நீல லைட் லேசாகத் தெரிகிறது."

ஜூன் 8, இரவு

தம்பி, அந்தப் பணத்தை இப்போதைக்கு எடுக்காதீர்கள். சம்பந்தமா தெரியவில்லை என்று கடைசியில் போட்டீர்களே அந்த நீல லைட், அதுதான் விஷயமே.

ஹெட்லைட்டில் போடுகிற எச்4 பல்புக்குள் இரண்டு இழை இருக்கிறது, டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று. உள்ளே வரும் வழி தனித்தனி, வெளியே போய் பேட்டரி நெகட்டிவ்வுக்குத் திரும்பும் எர்த் மட்டும் பொது. உங்கள் இடது லைட்டில் அந்தப் பொது எர்த் அறுந்தோ களிம்பேறியோ கிடக்கிறது. டிம் இழைக்குள் வந்த கரண்ட் எர்த்துக்குப் போக முடியாமல் பக்கத்துப் பிரைட் இழைக்குள் நுழைந்து, பிரைட் ஒயரில் பின்பக்கமாக ஏறி, வலது லைட்டின் பிரைட் இழை வழியாகவும் டேஷ்போர்டு நீல பல்ப் வழியாகவும் எர்த்தைப் பிடிக்கிறது. இருக்கிற 12 வோல்ட்டை வரிசையில் மூன்று இழைகள் பங்கு போட்டுக்கொண்டால் எதுதான் ஒழுங்காக எரியும். லைட்டைப் போட்டுவிட்டு இடது கண்ணாடிக்குக் கிட்டப் போய்ப் பாருங்கள். ஒரே பல்பில் இரண்டு இழையும் சிவந்து கனன்றால் எர்த்தேதான், வேறு எதையும் சந்தேகப்பட வேண்டாம்.

உறுதி செய்ய ஒரு முழ நீளத்துக்குக் கூடுதலாக ஒயர் ஒன்று போதும். ஒரு முனை பேட்டரி நெகட்டிவ்வில், மறுமுனை இடது ஹோல்டரின் எர்த் பின்னில். பளீரென்று வந்தால் முடிந்தது கதை.

ஜூன் 9

எர்த் பின் எது என்று தேவிபட்டினம் தம்பி கேட்டிருக்கிறார். ஒயர் கலரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இந்த வயசு ஜீப்பில் கம்பெனி போட்ட கலர் எத்தனை இடத்தில் மிஞ்சியிருக்கும்? எவர் கையில் எந்தச் சுருள் இருந்ததோ அதைப் போட்டிருப்பார்கள். என் வண்டியில் எர்த்தும் சிவப்பு, ஹாரனும் சிவப்பு.

ஹோல்டரைப் பல்பிலிருந்து கழற்றுங்கள். டிம் போட்டு எந்த ஓட்டையில் வோல்ட் வருகிறது என்று பாருங்கள், அப்புறம் பிரைட் போட்டுப் பாருங்கள். இரண்டிலும் செத்துக் கிடக்கும் மூன்றாவதுதான் எர்த். இதைப் பார்த்த பிறகு மட்டும் அந்த நெகட்டிவ் ஒயரைக் கொண்டு போங்கள். அதைத் தெரியாமல் பாசிட்டிவ் பின்னில் வைத்தால் ஃபியூஸ் போகும், ஃபியூஸ் இருந்தால். கைமாறி வந்த ஜீப்களில் ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் செப்புக் கம்பியை முறுக்கி வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அங்கே ஃபியூஸுக்குப் பதில் ஒயர் எரியும்.

ஜூன் 11

கீழக்கரைக் காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) ஒருத்தர் நியாயமான சந்தேகம் கிளப்பியிருக்கிறார். "என் வண்டியிலும் மங்கல்தான், ஆனால் ஹோல்டரில் மீட்டர் வைத்தால் 12.4 வோல்ட் சுத்தமாகக் காட்டுகிறது. ஒயர் நல்லா இருக்கு, எர்த் நல்லா இருக்கு, அப்புறம் என்ன?"

காக்கா, பல்பைக் கழற்றிவிட்டுத்தானே பார்த்தீர்கள்? அப்போது ஒயரில் கரண்டே ஓடவில்லை. மல்டிமீட்டர் இழுப்பது ஒன்றுமே இல்லாத அளவு. உள்ளே இருபது இழை அறுந்து ஒரே இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் 12.4 தான் காட்டும். குழாய் மூடியிருக்கும்போது நுனியில் அழுத்தம் முழுசாகத்தான் இருக்கும், திறந்துவிட்டால்தானே அடைப்பு தெரியும். ஆட்டோ எலக்ட்ரீஷியன்களில் பழைய ஆட்கள் மீட்டரை நம்பாமல் ஒரு பழைய ஹெட்லைட் பல்பில் இரண்டு ஒயர் சேர்த்து அதையே டெஸ்ட் லேம்பாக வைத்திருப்பார்கள். அது சரியான பழக்கம். அது லோடு இழுக்கும், பொய் சொல்லாது.

மீட்டர்தான் கையில் இருக்கிறது என்றால் இப்படிப் பாருங்கள். பல்ப் ஹோல்டரில் இருக்கட்டும், லைட் எரியட்டும். ஹோல்டரின் பின்பக்கம் எரிகிற இழைக்கான வரவு ஒயர் நுழையும் இடத்தில் ஒரு குண்டூசியைச் செருகுங்கள். மீட்டரின் சிவப்பு முனை பேட்டரி பாசிட்டிவ்வில், கறுப்பு முனை அந்தக் குண்டூசியில். வருகிற எண் என்னவோ அவ்வளவு வோல்ட்டை வழியில் யாரோ தின்கிறார்கள். அதே மாதிரி எர்த் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவ்வுக்கும் நடுவில் ஒரு தடவை. அங்கே 0.1, 0.2 என்றால் கவலையில்லை.

என் வண்டியில் இன்ஜின் ஓடாமல், லைட் போட்டு வைத்துப் பார்த்தபோது பேட்டரியில் 12.4. ஹோல்டரில் 10.3. மீதி 2.1 எங்கே என்றால் பாசிட்டிவ் பக்கம் 1.5, எர்த் பக்கம் 0.6. ஆறில் ஒரு பங்குதானே குறைகிறது என்று தோன்றும். ஆனால் ஹாலோஜன் பல்ப் அப்படிக் கணக்குப் பார்க்காது. வோல்ட் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே வெளிச்சம் 30 சதவீதம் போய்விடும். 12.4 இருக்க வேண்டிய இடத்தில் 10.3 என்றால் வெளிச்சம் ஏறக்குறையப் பாதிதான். நானும் ரொம்ப காலம் என் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்து கண்ணாடிக் கடைக்குப் போகப் பார்த்தேன்.

ஜூன் 13

தேவிபட்டினம் தம்பி எழுதிவிட்டார். நெகட்டிவ்விலிருந்து ஒயர் வைத்ததும் இடது லைட் வலதைவிடப் பிரகாசமாக வந்ததாம், நீல லைட்டும் அணைந்துவிட்டதாம். வலதைவிடப் பிரகாசம் என்றால் வலது எர்த்தும் கொஞ்சம் நோஞ்சான்தான். இரண்டையும் சேர்த்தே செய்துவிடுங்கள்.

நிரந்தரமாகச் செய்வது எப்படி என்று கேட்கிறார். முதலில் இந்த ஜீப்பில் எர்த் எப்படிப் போகிறது என்று யோசியுங்கள். ஹெட்லைட்டிலிருந்து ஒரு குட்டி ஒயர், மட்கார்டுத் தகரத்தில் ஒரு திருகு. மட்கார்டு நாலைந்து போல்ட்டில் பாடியோடு நிற்கிறது, பாடி ரப்பர் வைத்து சேஸிஸ் மேல் உட்கார்ந்திருக்கிறது, சேஸிஸிலிருந்து இன்ஜினுக்கு, அங்கிருந்து பேட்டரிக்கு. நடுவில் ஒவ்வொரு போல்ட்டிலும் துரு, பெயின்ட், அதற்கு மேல் டிங்கர் பார்த்தபோது அப்பிய பட்டி. இது எல்லாவற்றையும் தாண்டி 5 ஆம்பியர் திரும்பி வரணும்.

எனவே தகரத்தை நம்பாதீர்கள். 2.5 சதுர மி.மீ. ஒயர் எடுத்து இரண்டு லைட்டிலிருந்தும் தனித்தனியாக இழுத்து, பேட்டரிக்குப் பக்கத்தில் சேஸிஸில் ஒரே போல்ட்டுக்குக் கொண்டு வாருங்கள். போல்ட் உட்காரும் இடத்தில் உப்புத்தாளால் தேய்த்து இரும்பு பளிச்சென்று தெரியணும். லக் (ஒயர் நுனியில் அழுத்துகிற உலோக வளையம்), ஸ்டார் வாஷர், இறுக்கம், அதற்கு அப்புறம்தான் மேலே கிரீஸ். கிரீஸைத் தடவிவிட்டு இறுக்கலாமா என்றால் செய்யலாம், நான் செய்வதில்லை.

ஜூன் 13, கொஞ்ச நேரம் கழித்து

ஒன்று விட்டுப் போச்சு. பழைய ஒயரோடு புதுசை ஜாயின்ட் போடுகிறீர்கள் என்றால், பழைய ஒயரை வெட்டி உள்ளே பாருங்கள். செம்பு சிவப்பாக இருக்கணும். நம் பக்கத்து வண்டிகளில் வெட்டினால் கறுப்பாகத்தான் வரும். தோலுக்கு மேலே ஒன்றுமே தெரியாது, புது ஒயர் என்றே நினைப்பீர்கள். உரித்தால் கறுத்துப்போய், நுனியில் பச்சைக் களிம்பு பூத்து, விரலால் தேய்த்தால் தூளாக உதிரும். உப்பு ஈரம் இழைகளுக்கு நடுவில் மெல்ல மேலே ஏறிக்கொண்டே போகிறது, தோலுக்குள்ளேயே. என் வண்டியில் ஒரு சாண் வெட்டினேன், கறுப்பு. இன்னொரு சாண், அப்பவும் கறுப்பு. கடைசியில் பேட்டரி வரைக்கும் போய்விட்டேன். கறுத்த செம்பில் ஈயமும் பிடிக்காது, லக்கும் பிடிக்காது.

ஜூன் 17

மீன்பிடித் தடைக்காலம் 14-ஆம் தேதியோடு முடிந்தது. இரண்டு மாதம் சும்மா கிடந்த வண்டிகள் எல்லாம் லோடுக்கு இறங்கியிருக்கின்றன. நேற்று இரவு மண்டபம் ரோட்டில் எதிரே வந்ததில் பாதி ஒற்றைக் கண். ஓடுகிற வண்டியைவிட நிற்கிற வண்டிக்குத்தான் களிம்பு சீக்கிரம். சுவிட்சைப் போட்டு அணைத்துக்கொண்டே இருந்தால் கான்டாக்ட் தானாகவே உரசிச் சுத்தமாகும். இரண்டு மாதம் தொடாமல் விட்டால் மேலே ஒரு தோல் கட்டிவிடும்.

தொண்டியிலிருந்து ஒருவர், "உப்புக்காத்து உப்புக்காத்துன்னு ரொம்பத்தான் பயமுறுத்துறீங்க அண்ணே" என்கிறார். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் உலோகத்தைத் துருப்பிடிக்க வைத்துச் சோதனை செய்ய மண்டபத்தைத்தானே தேர்ந்தெடுத்தது? ஊரில் வேறு இடமா இல்லை. பாம்பனில் 1914-இல் திறந்த ரயில் பாலத்தை இத்தனை வருஷம் நிற்க வைத்ததே ஓயாமல் பெயின்ட் அடித்தவர்கள்தான். அந்த இரும்புக்கே அந்தப் பாடு என்றால் ஹோல்டருக்குள் இருக்கும் கடுகத்தனை பித்தளைப் பின் எம்மாத்திரம்.

இந்தக் கச்சான் காலத்தில், அதாவது தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில், கவனித்துப் பாருங்கள். பாம்பன் தெற்கு வாடிப் பக்கம் நிறுத்தினால் காலையில் கண்ணாடியில் பிசுபிசுப்பு. அதே பிசுபிசுப்பு ஹெட்லைட் பின்னாடியும் இருக்கிறது, அங்கே யாரும் துடைப்பதில்லை. வாளித் தண்ணீரில் பொறுமையாகக் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் கொடுக்கும்போது மட்டும் அந்தத் துப்பாக்கியை ஹெட்லைட் வளையத்துக்கு நேராகப் பிடிக்க விடாதீர்கள். ஓரத்தில் இருக்கிற உப்பை உள்ளே அனுப்பி வைத்த கணக்காகிவிடும்.

ஜூன் 25

சாயல்குடிக்காரர் வேறு பிரச்சினை கொண்டு வந்திருக்கிறார். டிம் வருகிறது, பிரைட் வரவில்லை. காலால் நாலு தடவை மிதித்தால் வருகிறது, பள்ளத்தில் இறங்கினால் போய்விடுகிறது. சில நேரம் மிதித்தால் இரண்டுமே போய் இருட்டு. ஈசிஆரில் இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம் நெருக்கி நிற்கிற இடத்தில் அப்படி ஆகி, நடு ரோட்டில் படுத்திருந்த மாட்டை ஒரு அடி தூரத்தில்தான் பார்த்தாராம்.

இது எர்த் இல்லை. காலால் மிதிக்கிற டிம்மர் சுவிட்ச். க்ளட்ச் பெடலுக்கு இடதுபக்கம் தரையில் இருக்கும். எந்தப் புண்ணியவான் அதைத் தரையில் வைத்தானோ தெரியாது. மழைநாட்டிலும் பனிநாட்டிலும் பூட்ஸ் போட்டு மிதிக்க அது சரியாக இருந்திருக்கலாம். நம் ஊரில் ஈர மணலோடு ஏறும் வெறுங்கால். அதுபோக மீன் லோடு ஏற்றும் வண்டி என்றால் பின்னால் ஐஸ் பெட்டியிலிருந்து உருகி வடிகிற தண்ணீர், பிரேக் அடிக்கும்போதெல்லாம் தரையோடு முன்னால் ஓடி வந்து சரியாக அந்த சுவிட்சின் காலடியில்தான் நிற்கும். அதில் உப்பும் இருக்கிறது, மீன் செதிலும் இருக்கிறது. நான் என்னுடையதைக் கழற்றித் திருப்பியபோது கீழே உள்ள மூன்று முனைகளில் ஒன்று இருந்த இடத்தில் பச்சைக் குமிழ்தான் இருந்தது. ஒயரை லேசாகத் தொட்டேன், முனையோடு சேர்ந்து கையில் வந்துவிட்டது.

ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டிய அவசரம் என்றால் டிம் ஒயரையும் வரவு ஒயரையும் நேராகச் சேர்த்து டேப் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள், பிரைட் இல்லாமல் மெதுவாக. அப்புறம் புது சுவிட்ச் வாங்கிப் போடுங்கள், விலை பெரிதில்லை. ஆனால் புது சுவிட்சும் அதே தரையில்தானே உட்காரப் போகிறது. அதற்குத்தான் ரிலே, கொஞ்சக் கரண்டை வைத்துப் பெரிய கரண்டைத் திறந்துவிடுகிற சுவிட்ச்.

ஜூன் 30

ரிலே எதற்கு, என் தாத்தா ரிலே இல்லாமல்தான் ஓட்டினார் என்று கேட்பவர்களுக்கு. தாத்தா காலத்து பல்பைவிட இப்போது போடுவது அதிகம், 60/55 வாட். இரண்டு பிரைட் இழையும் சேர்ந்து 120 வாட், அதாவது 10 ஆம்பியர். அது முழுவதும் பேட்டரியிலிருந்து டேஷ்போர்டு சுவிட்சுக்கு வந்து, அங்கிருந்து தரைக்கு இறங்கி, காலடி சுவிட்சுக்குள் புகுந்து, மறுபடி முன்னால் போகணும். 1 சதுர மி.மீ. செப்பு ஒயரில் 10 ஆம்பியர் ஓடினால் ஒவ்வொரு மீட்டருக்கும் 0.17 வோல்ட் போகும். நாலு மீட்டர் சுற்றினால் 0.7 வோல்ட், அதுவும் புது ஒயரில். ஜாயின்ட் கணக்கு தனி.

ரிலே போட்டால் அந்தப் பழைய சுற்றில் கால் ஆம்பியர்கூட ஓடாது. ரிலேக்குள் இருக்கும் காயிலைத் தூண்டிவிட அது போதும். லைட்டுக்கான கரண்ட் பேட்டரியிலிருந்து கைக்கெட்டும் தூரத்தில் நேராகப் போய்விடும். அழுக்கு சுவிட்சும் பிழைக்கும், லைட்டும் பிழைக்கும். டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என்று இரண்டு ரிலே. ரிலேயின் ஒவ்வொரு காலிலும் எண் போட்டிருக்கும். 30-இல் பேட்டரி பாசிட்டிவ், நடுவில் ஃபியூஸ், அந்த ஃபியூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தள்ளி. 87-இலிருந்து லைட்டுக்கு. 86-க்கு காலடி சுவிட்சிலிருந்து வருகிற பழைய ஒயர். 85 எர்த். ஐந்து கால் ரிலே கொடுத்தால் நடுவில் 87ஏ என்று ஒன்று இருக்கும், அதைத் தொடாதீர்கள். அதில் ஒயரைச் செருகினால் சுவிட்ச் போடாத நேரத்தில் லைட் எரியும், போட்டால் அணையும். மூக்கையூரில் ஒரு வண்டி அப்படித்தான் கொஞ்ச நாள் ஓடியது, ஓனருக்கு அதுவே பழகிவிட்டது.

ஃபியூஸை ஒன்றோடு நிறுத்தாதீர்கள். டிம்முக்குத் தனி, பிரைட்டுக்குத் தனி, 15 ஆம்பியர். ஒன்று போனாலும் இன்னொன்றில் வீடு வந்து சேரலாம்.

ஒயரை முறுக்கி டேப் சுற்றுகிற வேலை வேண்டாம். வெயிலில் டேப் பசை இளகி வழிந்துவிடும், மழையில் திறந்து கிடக்கும். லக்கை அழுத்துகிற பிளேயர் வாங்கி அழுத்துங்கள், மேலே பசை உள்ள சுருங்கும் ஸ்லீவ், லைட்டரால் சூடு. ஈயம் வைத்தால் அது முடிகிற இடத்தில் ஒயர் விறைத்து, ஜீப் ஆட்டத்தில் அங்கேயே ஒடியும். முடிந்தால் பாம்பன், மண்டபம் பக்கம் படகு வேலை செய்கிறவர்களிடம் வெள்ளீயம் பூசிய ஒயர் கிடைக்குமா என்று கேளுங்கள். உரித்தால் வெள்ளியாகத் தெரியும், இழை இழையாகப் பூச்சு இருப்பதால் களிம்பு எளிதில் ஏறாது.

ஜூலை 4

ஜூன் 13-இல் சேஸிஸ் போல்ட்டுக்குக் கொண்டு வரச் சொன்னேன். சிலர் "எதுக்கு சுத்தி வளைக்கணும், பேட்டரி நெகட்டிவ்லயே போட்டுட்டோம்" என்கிறார்கள். போடலாம், லைட் நன்றாகத்தான் எரியும். ஆனால் அதற்கு முன் பேட்டரியிலிருந்து இன்ஜினுக்குப் போகிற தடி எர்த் கேபிளை ஒரு தடவை பாருங்கள். அது இற்றுப் போயிருந்தால் ஸ்டார்ட் பண்ணும்போது ஸ்டார்ட்டர் இழுக்கிற நூற்றுக்கணக்கான ஆம்பியர் திரும்பி வர வேறு வழி தேடும். பாடியிலிருந்து பேட்டரிக்கு நீங்கள் புதுசாகப் போட்ட 2.5 ஒயர்தான் அதற்கு முதலில் கண்ணில் படும். புகை வரும். சாவியைத் திருப்பும்போது ஹெட்லைட் ஒயர் ஏன் சுடுகிறது என்று ஒரு வாரம் தேடுவீர்கள்.

அந்தக் கேபிளையும் அதே குண்டூசிப் பரீட்சையில் பார்க்கலாம். ஒருவர் ஸ்டார்ட் அடிக்கட்டும், இன்ஜின் பிளாக்குக்கும் பேட்டரி நெகட்டிவ்வுக்கும் நடுவில் மீட்டர். அரை வோல்ட் தாண்டினால் கேபிளை மாற்றுங்கள்.

ஜூலை 19

எல்இடி போட்டுத் தொலைக்க வேண்டியதுதானே என்று மூன்றாவது ஆள் கேட்டுவிட்டார், பதில் சொல்லாமல் விட்டால் தூங்க விடமாட்டார்கள்.

எல்இடி கரண்ட் குறைவாக இழுக்கும், அதனால் கெட்ட ஜாயின்ட்டிலும் எரியும். நோய் அப்படியே இருக்க வலி மட்டும் தெரியாது. அப்புறம், இந்த வட்ட லைட்டின் குழிக்கண்ணாடி ஹாலோஜன் இழை எந்த இடத்தில் இருக்கிறதோ அந்த இடத்துக்கென்று செய்தது. மலிவு எல்இடியில் வெளிச்சம் கிளம்பும் இடமே வேறு, எனவே ரோட்டில் விழ வேண்டியது எதிரே வருகிறவன் கண்ணில் விழும். பின்னால் இருக்கும் குட்டி ஃபேன் நம் காற்றில் எத்தனை நாள் சுற்றும் என்பது இன்னொரு கேள்வி. 7 இன்ச் வட்டத்துக்கு முழு யூனிட்டாகவே நல்ல எல்இடி வருகிறது. காசு இருந்தால் அது சரி, அதுவும் எர்த்தைச் சரி பண்ணிவிட்டு.

100/90 வாட் பல்ப் போட்டவருக்கு: ஹோல்டர் உருகியது பல்பின் குற்றம் இல்லை. அந்த ஒயருக்கும் ஹோல்டருக்கும் அது தாங்காது. 55 வாட்டுக்கு முழு வோல்ட் போனால் 90 வாட்டுக்கு 10 வோல்ட் போவதைவிட ரோடு தெளிவாகத் தெரியும். நான் இரண்டையும் ஓட்டிப் பார்த்தவன்.

ஆகஸ்ட் 11

தேவிபட்டினம் தம்பி ரிலேயும் போட்டு முடித்துவிட்டார். இப்போது எதிரே வருகிற பஸ்காரர்கள் எல்லாம் லைட் அடித்துத் திட்டுகிறார்களாம். எதிர்பார்த்ததுதான். மங்கலாக இருந்த காலத்தில் லைட் வானத்தைப் பார்த்தாலும் யாருக்கும் தெரியாது.

சமதரையில் சுவரிலிருந்து 25 அடி தள்ளி நிறுத்துங்கள். லைட்டின் நடுப்புள்ளி தரையிலிருந்து எவ்வளவு உயரமோ அதைச் சுவரில் சாக்பீஸால் கோடு போடுங்கள். டிம்மின் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்கு 2 இன்ச் கீழே இருக்கணும். லைட் வளையத்தைக் கழற்றினால் மேலே ஒன்றும் பக்கவாட்டில் ஒன்றுமாகத் திருகு இருக்கும். துருவில் பிடித்திருக்கும், முந்தின நாளே எண்ணெய் விட்டு வையுங்கள், பலம் கொடுத்தால் பிளாஸ்டிக் காது உடையும். முக்கியமாக, மீன் பெட்டி ஏற்றுகிற வண்டி என்றால் லோடோடு வைத்துப் பாருங்கள். பின்பக்கம் அமுங்கினால் மூக்கு தூக்கும், வெறும் வண்டியில் பார்த்த அளவு அப்போது செல்லாது.

இடது ஓரத்தில் வெளிச்சம் கொஞ்சம் மேலே ஏறித் தெரிந்தால் பதறாதீர்கள், அது அப்படித்தான். நம் பக்கம் ஓரமாக நடப்பவரும் ஆட்டு மந்தையும் தெரிவதற்காக. வலது ஓரத்தில் ஏறினால்தான் தப்பு, அது வலதுபக்கம் ஓட்டுகிற நாட்டுக்குச் செய்த கண்ணாடி.

நவம்பர் 24

20-ஆம் தேதி ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.-க்கு மேல் கொட்டியதே, அதற்கு அப்புறம் வரிசையாகக் கேள்வி வருகிறது. தங்கச்சிமடத்தில் ஒருவருக்கு சாவி எடுத்த பிறகும் ஹெட்லைட் தானாக எரிகிறது, பானட்டுக்குள் டிக் டிக் என்று சத்தம்.

ரிலேயை எப்படி மாட்டியிருக்கிறார் என்று படம் கேட்டேன். கால் மேலே, தலை கீழே. மழைத்தண்ணீர் ஒயர் வழியாக இறங்கி ரிலேக்குள்ளேயே நிற்கிறது. ரிலேயின் கால்கள் தரையைப் பார்க்கணும். ஒயர் நேராக மேலிருந்து நுழையக் கூடாது, ரிலேக்குக் கீழே ஒரு வளைவு தொங்கி அப்புறம் மேலே ஏறி நுழையணும், தண்ணீர் அந்த வளைவிலிருந்து சொட்டிவிடும். ரிலே கால் ஒவ்வொன்றிலும் மாட்டுவதற்கு முன் கொஞ்சம் வாசலின் தடவுங்கள். ஏற்கெனவே தண்ணீர் குடித்த ரிலேயைக் காயவைத்துப் போடாதீர்கள், உள்ளே கான்டாக்ட் ஒட்டிக்கொள்ளும். விலை பார்த்தால் மீன் குழம்புக்கு வாங்குகிற காசுதான்.

தண்ணீரில் நின்ற வண்டிக்கு முதல் வேலை பேட்டரி நெகட்டிவ்வைக் கழற்றுவது. கரண்ட் இருக்கும்போது உப்பு ஈரம் பட்டால் பாசிட்டிவ் பக்கத்துச் செம்பு வேகமாக அரித்துப் போகும். கழற்றிவிட்டு நல்ல தண்ணீரால் அலசி, காற்றாடக் காயவிட்டு, அப்புறம் ஒவ்வொரு ஹோல்டராகத் திறந்து பாருங்கள்.

நவம்பர் 25

இன்ஜின் ஓடும்போதும் மங்கல் என்று கேட்டவருக்கு. ரேஸ் கொடுத்தால் பிரகாசமாகிறது, விட்டால் மங்குகிறது என்றால் ஒயரைத் தேடாதீர்கள். இன்ஜின் ஓட, லைட் எரிய, பேட்டரியில் மீட்டர் வையுங்கள். 13.5-க்கு மேல் 14.4-க்குள் இருந்தால் சரி. 13-ஐத் தொடவில்லை என்றால் ஆல்டர்னேட்டர், இல்லாவிட்டால் பெல்ட் தொளதொள. மழையில் கீச்சென்று சத்தம் வந்தால் பெல்ட்டேதான்.

டிசம்பர் 1

தேவிபட்டினம் தம்பியிடமிருந்து மறுபடி. ஹெட்லைட் இரண்டும் நன்றாக இருக்கிறதாம். ஆனால் இடதுபக்க இண்டிகேட்டர் போட்டால் அந்தப் பக்கத்துப் பார்க்கிங் லைட்டும் சேர்ந்து மினுக்குகிறதாம், பார்க்கிங் போடாமலேயே.

அதே நோய்தான், சின்ன பல்பில். முன்னால் இருக்கும் அந்தக் குட்டி லைட்டில் 21/5 வாட் பல்ப், அதிலும் இரண்டு இழைக்கு ஒரே எர்த். ஹெட்லைட் எர்த்தை மாற்றியபோது இதைத் தகரத்திலேயே விட்டுவிட்டீர்கள். ஹோல்டரைக் கழற்றி உள்ளே அடிப்பக்கம் வெள்ளையாகப் பூத்திருக்கும் உப்பை ஒரு பழைய பிரஷ்ஷால் சுரண்டிவிட்டு, ஹோல்டர் உடம்பிலிருந்து தனி ஒயர் ஒன்று இழுங்கள், 1 சதுர மி.மீ. போதும். சேஸிஸில் போட்ட அதே போல்ட்டுக்கே கொண்டு வரலாம். ஒரே லக்குக்குள் மூன்று ஒயரைத் திணிக்காமல் ஒவ்வொன்றுக்கும் தனி லக் போட்டு ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி இறுக்குங்கள், வலதுபக்கத்துக்கும் கையோடு செய்துவிடுங்கள்.